பிரபலங்கள் பற்றிய கிசுகிசு: மக்களை ஈர்ப்பது ஏன்?

திரைப்பட நடிகர்கள், விளையாட்டு வீரர்கள், அரசியல் தலைவர்கள் போன்ற புகழ்பெற்றவர்களின் தனிவாழ்க்கை குறித்து உறுதிப்படுத்தப்படாத செய்திகளைப் பரிமாறிக்கொள்வது கிசுகிசு எனப்படுகிறது. காதோடு காதாக மெல்லப் பேசும் ஒலியிலிருந்து பிறந்த சொல் இது. அந்தக் காதோரப் பேச்சு இன்று அச்சிலும் கைப்பேசித் திரையிலும் லட்சக்கணக்கானவர்களைச் சென்றடைகிறது. யாருடைய திருமணம் முறிந்தது, யார் யாரோடு பேசுவதில்லை என்பதைத் தெரிந்துகொள்வதால் படிப்பவருக்குக் காசு பணம் கிடைப்பதில்லை. ஆனாலும் அரசியல் செய்தியைத் தாண்டிச் சென்று இதைத்தான் பலர் முதலில் படிக்கிறார்கள். இதற்கான காரணங்கள் மனித இனத்தின் பழைய பழக்கங்களில் இருக்கின்றன.

அம்பலும் அலரும்

அடுத்தவர் காதலைப் பற்றிய ஊர்ப்பேச்சுக்குப் பழந்தமிழில் இரண்டு தனிச்சொற்கள் இருந்தன. சிலர் மட்டும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொள்வது அம்பல். அது ஊர் முழுவதும் வெளிப்படையாகப் பரவிவிட்டால் அலர். மொட்டு, மலர் என்பதைப் போன்ற வேறுபாடு. தொல்காப்பியத்திலும் சங்க அகப்பாடல்களிலும் இவை பேசப்படுகின்றன. திருக்குறளில் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரம் (19) இருக்க, காமத்துப்பாலில் அலரறிவுறுத்தல் என்றே மற்றோர் அதிகாரம் (115) இருக்கிறது. முன்னது பிறர் இல்லாதபோது பழிப்பதைக் கண்டிக்கிறது. பின்னதிலோ ஊரார் பேசுவதால் தங்கள் காதல் வளர்கிறது என்று காதலர் மகிழ்வதும் உண்டு. படம் வெளியாகும் நேரத்தில் தங்களைப் பற்றிய வதந்தியை மறுக்காமல் புன்னகைத்துச் செல்லும் நட்சத்திரங்களுக்கு இந்த உளவியல் நன்றாகவே தெரியும்.

பேன் பார்த்தலும் ஊர்க்கதையும்

பிரித்தானிய மானிடவியலாளர் ராபின் டன்பார் 1996இல் வெளியிட்ட நூலொன்றில், மனித மொழி வளர்ந்ததற்கே இத்தகைய பேச்சு ஒரு காரணம் என்று வாதிட்டார். குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்து உறவை உறுதிசெய்துகொள்கின்றன. கூட்டம் பெரிதாகும்போது ஒவ்வொருவருக்கும் பேன் பார்க்க நேரம் போதாது. ஒரே நேரத்தில் பலரோடு உறவைப் பேண மனிதருக்குக் கிடைத்த வழி பேச்சு என்பது அவர் கருத்து. (திண்ணையில் பேன் பார்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசிய நம் பாட்டிமார்கள் இரண்டையும் சேர்த்தே செய்தார்கள்.) டன்பாரும் அவருடைய குழுவினரும் பொது இடங்களில் மக்கள் பேசுவதைக் கேட்டுப் பதிவுசெய்தபோது, பேச்சு நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மனிதர்களையும் உறவுகளையும் பற்றியதாக இருந்தது.

இந்தப் பேச்சுக்குப் பயன் உண்டு. யாரை நம்பலாம், யார் கடனைத் திருப்பித் தரமாட்டார், எந்தக் குடும்பத்தில் சண்டை என்பதைச் சிறிய ஊரில் வாழ்பவர் அறிந்திருக்க வேண்டும். அத்தவறுகளைத் தாம் செய்யாமலிருக்கவும் இது உதவும். அமெரிக்க உளவியலாளர் பிராங்க் மெக்ஆண்ட்ரூவின் ஆய்வுகளில், மக்கள் தங்கள் பாலினத்தையும் ஏறத்தாழத் தங்கள் வயதையும் சேர்ந்த பிரபலங்களைப் பற்றிய செய்திகளிலேயே அதிக ஆர்வம் காட்டினர். தன்னோடு போட்டியில் இருக்கக்கூடியவரைக் கவனிக்கும் பழக்கம் இது.

மேலிடத்தில் இருப்பவரைக் கவனிப்பது மனிதருக்கு மட்டும் உரியதல்ல. 2005இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரீசஸ் குரங்குகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர. கூட்டத்தில் உயர்நிலையில் உள்ள குரங்கின் முகப்படத்தைப் பார்ப்பதற்காக அவை தங்களுக்குக் கிடைக்கும் பழச்சாற்றில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தன. தாழ்ந்த நிலைக் குரங்கின் படத்தைப் பார்க்கவோ, அவற்றுக்குக் கூடுதல் பழச்சாறு கொடுக்க வேண்டியிருந்தது.

தெரிந்தவர் போன்ற தெரியாதவர்

ஊர்ப்பேச்சு பக்கத்து வீட்டாரை விட்டு நட்சத்திரங்களுக்கு எப்படித் தாவியது? 1956இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் இதற்கு விளக்கம் அளித்தனர். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அடிக்கடி தோன்றுபவரை நேயர் தம் நண்பராகவே உணரத் தொடங்குகிறார். அவர் சிரிப்பதும் அழுவதும் நேயருக்குத் தெரியும். நேயர் ஒருவர் இருப்பதே அவருக்குத் தெரியாது. இதை ஒருவழி உறவு எனலாம். நடிகரை ‘அண்ணன்’ என்றும் ‘தலைவர்’ என்றும் உறவுமுறை வைத்து அழைக்கும் தமிழ்நாட்டில் இதற்குத் தனிச் சான்று தேவையில்லை. முகத்தை அடிக்கடி பார்த்தால் அவர் தன் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று மனம் எண்ணிக்கொள்கிறது. தன் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்றால் அவர் வீட்டில் நடப்பதைக் கேட்க உரிமை உண்டு என்றும் எண்ணிக்கொள்கிறது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவரோடு பேச வேறு பொருள் இல்லாதபோது இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த ‘உறவினராக’ நடிகரே இருக்கிறார்.

ஆனால் ஊர்ப்பேச்சில் இருந்த ஒரு தடை இங்கே இல்லை. பக்கத்து வீட்டாரைப் பற்றிப் பொய் சொன்னால் மறுநாள் குழாயடியில் அவரைச் சந்தித்தாக வேண்டும். நட்சத்திரத்தை அப்படிச் சந்திக்க வேண்டியதில்லை.

இதில் பொறாமைக்கும் பங்குண்டு. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மூளையைப் படமெடுத்துச் செய்த சோதனையில், பொறாமைக்குரிய ஒருவருக்குத் தீங்கு நேர்ந்ததைப் படித்தபோது, நல்லது கிடைக்கும்போது இயங்கும் மூளைப்பகுதி இயங்கியது. பொறாமை மிகுந்தவர்களுக்கு அந்த இயக்கமும் மிகுந்திருந்தது. அந்தச் சோதனை பிரபலங்களைக் கொண்டு செய்யப்பட்டதல்ல. எனினும், நட்சத்திரத்தின் வெற்றிச் செய்தியைவிட வீழ்ச்சிச் செய்தி ஏன் வேகமாக ஓடுகிறது என்பதை இது ஓரளவு விளக்குகிறது.

பெயர் சொல்லாத எழுத்து

தமிழ் இதழ்களின் கிசுகிசுப் பகுதிகளுக்கென்று ஒரு நடை உண்டு. பெயர் வராது. ‘மூன்றெழுத்து நடிகை’, ‘அந்த ஒல்லி நாயகன்’ என்று குறிப்பு மட்டும் வரும். வழக்குக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடு இது. ஆனால் படிப்பவருக்கு அதுவே விடுகதை ஆயிற்று. விடையைக் கண்டுபிடித்தவருக்கு உள்வட்டத்தில் ஒருவராகிவிட்ட பெருமிதம் கிடைக்கிறது. கண்டுபிடித்ததைப் பிறரிடம் சொல்லாமல் இருக்கவும் முடிவதில்லை.

சட்டத்தில் இந்த மறைப்பு முழுப் பாதுகாப்பு அல்ல. இன்னாரைத்தான் குறிக்கிறது என்று மற்றவர்கள் அடையாளம் காண முடிந்தால் பெயரில்லாத எழுத்தும் அவதூறாகலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500ஆம் பிரிவுகளில் இருந்த அவதூறுக் குற்றம், 1.7.2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் உள்ளது. நக்கீரன் இதழ் தொடர்பான 1994ஆம் ஆண்டு வழக்கில், ஒருவரின் திருமணம், குடும்பம் போன்றவற்றைப் பற்றி அவருடைய சம்மதமின்றி எழுதக்கூடாது என்ற விதியையும் பொது ஆவணங்களுக்கான விலக்கையும் உச்ச நீதிமன்றம் சேர்த்தே கூறியது. சமூக ஊடகத்தில் எழுதுபவருக்கும் அவதூறுச் சட்டம் பொருந்தும். ஆயினும் ஆயிரம் பேர் பகிர்ந்த பொய்யில் எவர் மீது வழக்குத் தொடுப்பது என்பது நடைமுறைச் சிக்கல்.

சினிமா தூது

கிசுகிசுவுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதற்குத் தமிழ்த் திரையுலகின் தொடக்ககால நிகழ்வு ஒன்று சான்றாக உள்ளது. சி. என். லட்சுமிகாந்தன் என்பவர் 1943இல் சென்னையில் ‘சினிமா தூது’ என்ற இதழைத் தொடங்கி, நடிகர் நடிகையரின் அந்தரங்கங்களை எழுதினார். இதழ் பரபரப்பாக விற்றது. எழுதாமல் இருப்பதற்குப் பணம் பெற்றார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் ஆளுநரிடம் மனுக் கொடுத்தனர். உரிமம் ரத்தாயிற்று. லட்சுமிகாந்தன் ‘இந்து நேசன்’ என்ற வேறோர் இதழில் முன்போலவே எழுதினார்.

1944 நவம்பர் 8 அன்று, ரிக்சாவில் சென்றுகொண்டிருந்த அவர் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அந்தத் தீபாவளிக்கு வெளியான பாகவதரின் ‘ஹரிதாஸ்’ அப்போது ஓடிக்கொண்டிருந்தது. கொலைச்சதியில் பங்கு என்று மனுக் கொடுத்த மூவரும் கைதாயினர். நாயுடு விடுவிக்கப்பட்டார். மற்ற இருவருக்கும் 1945இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு மீண்டும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலையாயினர்.

கிருஷ்ணன் மீண்டும் படங்களில் வெற்றி பெற்றார். பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவில்லை. 1959இல், 49ஆம் வயதில் காலமானார். இதழை வாங்கிப் படித்தவர்கள் எந்த நீதிமன்றத்துக்கும் போக வேண்டியிருக்கவில்லை. லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்ற கேள்வி மட்டும் இன்றும் கட்டுரைகளாகவும் காணொளிகளாகவும் வந்துகொண்டிருக்கிறது. அவற்றுக்கு வாசகர்கள் குறையவில்லை.