பிசாசு உறங்காத மடிக்கணினி

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. தருமபுரி மாவட்டத்து இண்டூர் மாதிரி ஊர்களிலும் பிளஸ் டூ பிள்ளைகள் கைக்கு லேப்டாப் வந்தது. தொடக்க ஆண்டுகளில் கொடுத்தவற்றில், பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு கேள்வி: எந்த இயங்குதளம் வேண்டும், விண்டோஸா, பாஸா? பெரும்பாலோர் விண்டோஸுக்கே போனார்கள். எதற்குப் போனாலும் முதலில் நடப்பது ஒன்றுதான். கணினி 'பூட்' ஆக வேண்டும்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. மின்சாரம் வந்த நொடியில் கணினியின் நினைவகம் காலி. அதில் நிரலை ஏற்ற வேண்டுமானால், ஏற்றுவதற்கே ஒரு நிரல் வேண்டும். பூட்ஸின் பின்பக்க வாரைப் பிடித்துத் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு கேலிப் பேச்சு இருந்தது. நடக்காத காரியம் என்பதே அதன் பொருள். கணினிக்காரர்கள் அதை நடத்திக் காட்டிவிட்டு, பெயரையும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டார்கள். 1952இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 701இல் 'லோட்' என்றொரு பொத்தான். அதை அழுத்தினால் துளையிட்ட அட்டையிலிருந்து 36 பிட் மட்டும் உள்ளே வரும். அதில் இடப்பக்கத்து 18 பிட் ஒரு கட்டளை: அடுத்ததைப் படி. அது இன்னும் கொஞ்சத்தை இழுத்து வரும். வந்தது மீதியை இழுக்கும். இன்று அந்த முதல் கட்டளைகள் மதர்போர்டில் ஒரு சில்லுக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன.

விண்டோஸில் வட்டு ஏன் 'சி'யில் தொடங்குகிறது? ஏ, பி இரண்டும் ஃப்ளாப்பிக்கு ஒதுக்கியவை. ஃப்ளாப்பி போய்ச் சேர்ந்து வெகுகாலமாகியும் அந்த நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை.

பாஸின் கதை இன்னும் ருசி. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ், லினக்ஸின் டெபியன் கிளையிலிருந்து வந்தது. 1993இல் டெபியனைத் தொடங்கிய இயன் மர்டாக், தன் காதலி டெப்ராவின் பெயரோடு தன் பெயரை ஒட்டி அதற்குப் பெயர் வைத்தார். லினக்ஸை எழுதிய லைனஸ் டோர்வால்ட்ஸ் முதலில் நினைத்த பெயரோ 'ஃப்ரீக்ஸ்'. 1991இல் அதைச் சர்வரில் ஏற்ற இடம் கொடுத்த ஆரி லெம்கேதான், அவரைக் கேட்காமலே கோப்புறைக்கு லினக்ஸ் என்று பெயரிட்டார். நல்ல வேளை.

எனக்குப் பிடித்தது 'டீமன்'. யாரும் அழைக்காமலே பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு அந்தப் பெயர். 1963 வாக்கில் எம்.ஐ.டி.யில் (நம் குரோம்பேட்டை அல்ல, மாசசூசெட்ஸ்) ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு வைத்தது. இயற்பியலாளர் மாக்ஸ்வெல் 1867இல் கற்பனையாக ஒரு குட்டி ஆளை நிறுத்தியிருந்தார்: இரண்டு அறைகளுக்கு நடுவில் சின்னக் கதவு, வேகமான மூலக்கூறுகளை ஒரு பக்கமும் மெதுவானவற்றை மறுபக்கமும் சலிக்காமல் பிரித்து அனுப்புவது அவன் வேலை. அவனுக்கு 'டீமன்', அதாவது பிசாசு, என்று பட்டம் கொடுத்தவர் கெல்வின். கார்பட்டோ குழுவின் முதல் டீமன் செய்த வேலையும் அதே அலுப்பில்லாத ரகம்தான்: கோப்புகளைத் தானாகவே டேப்பில் நகலெடுத்து வைப்பது. பின்னால் வந்தவர்கள் டீமனை ஏதோ ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சுருக்கம் என்று சொல்லித் திரிந்தார்கள். அது கட்டுக்கதை, மூலம் மாக்ஸ்வெல்தான் என்று கார்பட்டோவே விளக்கியிருக்கிறார்.

லினக்ஸில் ஓடும் நிரல்களின் பட்டியலைத் திறந்தால், கடைசியில் 'டி' எழுத்து ஒட்டிய பெயர்கள் கண்ணில் படும். பலவும் டீமன்கள். அவற்றில் ஒன்று கப்ஸ்-டி. பிரின்டரே இல்லாத வீட்டிலும், அச்சடிக்க யாராவது ஏதாவது அனுப்பமாட்டார்களா என்று அது பாட்டுக்குக் காத்திருக்கும்.