இரும்பும் கரியும்

புணே நகருக்கு அருகில் கடக்வாஸ்லா அணை உள்ளது. நகர மக்களுக்குக் குடிதண்ணீர் தரும் அணை அது. அதன் மதகுக் கதவுகள் எஃகினால் ஆனவை. எஃகு என்றால் என்ன? இரும்போடு சிறிது கரி சேர்ந்தது.

எல்லாப் பொருளும் அணுக்களால் ஆனது. அணு கண்ணுக்குத் தெரியாத சிறு துகள். இரும்பில் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கி இருக்கும். சுத்த இரும்பை அடித்தால் வரிசைகள் நழுவும். இரும்பு வளையும். கரி அணு மிகச் சிறியது. அது இரும்பு அணுக்களின் இடுக்கில் புகுந்துகொள்ளும். வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டது போல நழுவ விடாது. இரும்பு உறுதியாகும்.

100 கிலோ சாதாரண எஃகில் கரி கால் கிலோ அளவே இருக்கும். அரிவாளுக்கு இன்னும் சிறிது வேண்டும். வார்ப்பிரும்பில் சுமார் 3 கிலோ இருக்கும். அதனால்தான் வார்ப்புத் தோசைக்கல் கீழே விழுந்தால் உடைகிறது. அளவு முக்கியம். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே எஃகு செய்தார்கள்.

பென்சில் முனையில் இருப்பதும் கரிதான். வைரமும் கரிதான்! பென்சிலில் கரி அணுக்கள் தாள் தாளாக இருக்கும். எழுதும்போது தாள்கள் நழுவிக் காகிதத்தில் ஒட்டும். வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு அணுக்களை இறுகப் பிடித்திருக்கும். அதனால் வைரம் கண்ணாடியையே அறுக்கும்.

அணுக்கள் சேரும் விதம் மாறினால் பொருளின் குணமும் மாறும்.