மனசுக்குள் ஒரு பொங்குமாகடல்

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால், தென்காசியில் இறங்கும் கூட்டமெல்லாம் குற்றாலத்தை நோக்கித்தான்! பேரருவியில், பெண்கள் பகுதியில் எனக்கு முன்னால் நின்ற இளம் பெண் தயங்கினாள். “பயப்படாத தாயி, தலையைக் கொடு! மனசுல கெடக்கதெல்லாம் கழுவிட்டுப் போயிரும்” என்றார் பக்கத்தில் நின்ற பாட்டியம்மாள்.

உண்மையிலேயே போய்விடுமா?

பள்ளிக்கூடம் விட்டும் குழந்தை வரக் காணோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலுக்கும் அடுப்பங்கரைக்குமாக நடக்கிறோம். மூளைக்குள் பாதாம்பருப்பு வடிவிலுள்ள ஒரு சிறு பகுதி அபாயச் சங்கு ஊதுகிறது. நரம்புகள் வழியே செய்தி பறக்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. நெஞ்சு படபடக்கிறது; கை சில்லிடுகிறது; பசி பறந்துவிடுகிறது. சற்றுப் பொறுத்து, கார்ட்டிஸால் என்ற சுரப்பு ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. ‘எதிர்த்து நில், அல்லது ஓடு’ என்று சரீரம் இவ்விதம் ஆயத்தமாவதை 1915-ல் விளக்கியவர் அமெரிக்க விஞ்ஞானி வால்ட்டர் கானன்.

குழந்தை வந்து ‘அம்மா’ என்றதும் எல்லாம் அடங்கிவிடும். இதனால் தீங்கில்லை. ஆனால் கடன், மனஸ்தாபம், வீட்டில் நோய் என்று கவலை மாதக்கணக்கில் நீடித்தால்? சங்கு ஓயாமல் ஊதுகிறது. தூக்கம் கெடும்; ரத்த அழுத்தம் ஏறும்; ஞாபகம் தடுமாறும். விடாத தொல்லை சரீரத்தையே சிதைப்பதை எலிகளிடம் சோதித்து, 1936-ல் எழுதினார் ஹான்ஸ் ஸெல்யே.

சரி, அருவி என்ன செய்கிறது? குளிர்ந்த நீர் பட்டதும் முதலில் மூச்சு வாங்குகிறது. பிறகு மூச்சை அடக்கி முகத்தைக் காட்டும்போது, வேகஸ் என்னும் நரம்பு இதயத்தின் ஓட்டத்தைத் தணிக்கிறது. நிதானமாக மூச்சை வெளியே விட்டாலும் அந்த நரம்பே உதவிக்கு வருகிறது. இதற்குக் குற்றாலம்தான் வரவேண்டும் என்பதில்லை; வீட்டுக் குழாயடியே போதும். இதய நோயுள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சித்தம் கலங்கியவர்களை அருவியில் நிறுத்தினால் தெளியும் என்ற நம்பிக்கை வெகுகாலமாக உண்டு. ஆனால் மனநோய்க்கு அருவி மருந்தல்ல, டாக்டர்தான் வேண்டும். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசி எண் 14416. கட்டணம் கிடையாது.

பேரருவி உச்சியிலிருந்து நேரே நம் தலையில் விழுவதில்லை. நடுவே பொங்குமாகடல் என்ற ஆழமான பாறைக் குடைவில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகே வழிகிறது. அதனால்தான் நாம் அதன் கீழ் நிற்க முடிகிறது. கவலைக்கும் அப்படி ஓர் இடம் வேண்டாமா?

கரையேறிய அந்தப் பெண், தலையைத் துவட்டியபடியே பாட்டியம்மாளிடம் ஏதோ சொல்லத் தொடங்கினாள். பாட்டியம்மாள் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.