249 கிராம்: பயணத்துக்கு எந்த டிரோன்?

முதல் தடவை டிரோன் வாங்கப் போறவங்க எல்லாரும் கேட்பது, "கேமரா எப்படி?" என்றுதான். எடை எவ்வளவு என்று முதலில் கேளுங்கள் என்பேன் நான். டிஜேஐ கம்பெனியின் மினி 3, மினி 4 ப்ரோ, ஃப்ளிப் மூன்றுமே 249 கிராமுக்குள் வந்து நிற்கின்றன. காரணம் சட்டம். பல நாடுகளில் 250 கிராமுக்கு மேலே போனால் விதிகள் இறுகிவிடும். அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுபவர்கள் அதற்குக் கீழே இருந்தால் பதிவு செய்ய வேண்டாம். சிங்கப்பூரிலும் பதிவு 250க்கு மேல்தான். ஐரோப்பாவில் கேமரா இருந்தாலே உரிமையாளர் பதிவு உண்டு. ஆனாலும் எடை குறைந்தவற்றுக்கு வேறு சலுகைகள் இருக்கின்றன.

ஜப்பான் கதை சுவாரசியமானது. 2019இல் மேவிக் மினி வந்தபோது அங்கே வரம்பு 200 கிராம். அதற்காகவே பேட்டரியைச் சின்னதாக்கி, 199 கிராமில் தனி மாடல் விட்டார்கள். 2022 ஜூனில் வரம்பை 100 கிராமாகக் குறைத்துவிட்டார்கள். அந்த 199க்கு அர்த்தமே இல்லாமல் போச்சு! அதனால் போன வருஷம் யாரோ சொன்ன விதியை நம்பாமல், கிளம்புவதற்கு முன் அந்த நாட்டு விமானப் போக்குவரத்துத் துறையின் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

இந்தியாவில் 2021 டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ வகை. பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதற்காக எங்கே வேணும்னாலும் பறக்கவிடலாம் என்று அர்த்தமில்லை. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பாக இருக்கும் இடத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் நானோவும் பறக்கக் கூடாது. இன்னொரு சிக்கல், 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்கே தடை போட்டுவிட்டார்கள். ஊருக்கு வரும்போது "சூட்கேஸுக்குள்ள போட்டா யாருக்குத் தெரியும்" என்று நினைப்பவர்கள் கவனிக்க: சுங்கப் படிவத்திலேயே டிரோனுக்கு ஒரு வரி இருக்கிறது. வெளிநாட்டில் வாங்கியதை அங்கேயே விட்டுவிட்டு வருவதுதான் நல்லது.

எடையில் இரண்டு பொறிகள் உண்டு. மினி 4 ப்ரோவுக்கு 34 நிமிஷம் என்று போட்டிருப்பது சாதாரண பேட்டரிக்கு. அதிக நேரம் பறக்கும் பிளஸ் பேட்டரியைப் போட்டால் 250ஐத் தாண்டிவிடும். இறக்கைக்குத் தனியாகப் பாதுகாப்புக் கூண்டு மாட்டினாலும் அப்படியே.

சரி, எதை வாங்குவது? படத்தில் யார் இருக்கப் போகிறார்கள் என்று யோசியுங்கள். நீங்களும் குடும்பமும் நடப்பது, குழந்தை சைக்கிள் ஓட்டுவது என்றால் நியோ போதும். 135 கிராம், உள்ளங்கையிலிருந்தே கிளம்பும், இறக்கையைச் சுற்றிக் கூண்டு உண்டு. ஆனால் 18 நிமிஷம்தான், காற்று கொஞ்சம் வீசினாலே தள்ளாடும். அதே வசதியோடு நல்ல கேமராவும் வேண்டுமென்றால் ஃப்ளிப். மலையும் கடலும்தான் வேண்டும் என்றால் மினி வரிசை.

மினி 3க்கும் 4 ப்ரோவுக்கும் சென்சார் அளவு ஒன்றுதான். பெரிய வித்தியாசம், 4 ப்ரோ எல்லாப் பக்கமும் தடைகளைப் பார்க்கும், மினி 3 கீழே மட்டும்தான் பார்க்கும். திரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்த்தி மரத்தில் மோதுவது புதியவர்களுக்கு வழக்கம் என்பதால், அந்தக் கூடுதல் காசு அவர்களுக்குத்தான் அதிகம் பயன்படும். மெல்லிய கிளையும் மின்கம்பியும் அதன் கண்ணுக்கும் தப்பிவிடும். ஸ்போர்ட் மோடில் அந்தக் கண்களே வேலை செய்யாது.

டிரோனைத் தொலைக்க வைப்பது பெரும்பாலும் காற்றுதான். கரையில் நிற்கும்போது தென்றல் மாதிரி இருக்கும். 80 மீட்டர் மேலே கதை வேறு. காற்றோடு கடல் பக்கம் போகும்போது ஜோராகப் போகும். திரும்பும்போது எதிர்க்காற்றில் பேட்டரி மளமளவென்று இறங்கும், டிரோன் நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி இருக்கும். அதனால் முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். விளம்பரத்தில் 34 நிமிஷம் என்றால் கையில் கிடைப்பது 20, 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி 30 சதவீதத்துக்கு வந்தால் எவ்வளவு அழகான காட்சி என்றாலும் திருப்பிவிடுங்கள். தானாக வீடு திரும்பும் உயரத்தை, சுற்றியிருக்கும் மரம், கட்டடத்தைவிட அதிகமாகக் கிளம்பும்போதே வைத்துவிட வேண்டும்.

கையில் காசு மிஞ்சினால் அடுத்த மாடலுக்குத் தாவுவதைவிட, இரண்டு பேட்டரி கூடுதலாக வாங்குவேன். மினி 4 ப்ரோ பேட்டரி 19 வாட்-அவருக்கும் கொஞ்சம் கம்மி. விமானத்தில் 100 வரை அனுமதி உண்டு. ஆனால் உதிரி பேட்டரி எல்லாம் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.