வழி தவறச் செய்யும் வார்த்தை

ஏர்வாடிப் பள்ளியில் ஒரு பையன் 'மிஸ்லெட்' என்ற ஆங்கில வார்த்தையை 'மைஸில்ட்' என்று வாசித்தான். அவனைக் கண்டிப்பதற்கில்லை. 'மிஸ்' என்பதையும் 'லெட்' என்பதையும் பிரித்தறியாமல் கற்றவர்களே அப்படி ஏமாந்ததுண்டு. 'வழி தவறச் செய்தான்' என்னும் பொருளுடைய வார்த்தைக்கு இது பொருத்தமான குணந்தான்!

அதை 'ஏமாற்றினான்' என்று மொழிபெயர்த்தால் போதாது. ஏமாற்றுகிறவனுக்கு வஞ்சக எண்ணம் வேண்டும். இந்த வினைக்கு அது அவசியமில்லை. அன்போடு கைபிடித்துத் தவறான பாதையில் அழைத்துப் போகிறவனுக்கும் அது பொருந்தும்.

உதாரணத்துக்கு வேற்றூர் போக வேண்டியதில்லை. 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில், இவ்வூரில் மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியில்லை. 28 பேர் மாண்டனர். அம்மாதத்திலேயே சர்க்கார் இத்தகைய காப்பகங்களை மூடிவிட்டது. காசு வாங்கிக்கொண்டு சங்கிலி பூட்டியவர்களுக்கு 'ஏமாற்றினார்கள்' என்ற சொல்லே போதும். ஆனால், தர்காவின் அருகே தங்கினால் குணமாகும் என்று யாரோ சொன்னதை நம்பி, வைத்தியரிடம் காட்டாமல், பிள்ளையை இங்கே கொண்டுவந்து விட்ட தாய்க்கு எந்தச் சொல்?

"ஸார், அந்தத் தாயார் இந்த வினைக்கு எழுவாயா, செயப்படுபொருளா?" என்று கேட்டான் அதே பையன்.

"இரண்டுந்தான், அப்பா" என்றேன்.