காற்கூறும் அரைக்கூறும்

உயர்தர வகுப்பு மாணாக்கரைப் பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தஞ் செய்தல் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது பரீட்சை ஒன்றே. மூன்று பாடங்களிலும் 'ஏ' சித்தி பெறுதல் வேறு. பல்கலைக்கழகத்திலே நான்காண்டு நின்று கற்றல் வேறு. முன்னதற்கு வேண்டிய பயிற்சியைப் பெற்றோரும் ஆசிரியரும் தனியார் கல்வி நிலையத்தாரும் போட்டியிட்டுக்கொண்டு கொடுக்கின்றனர். பின்னதற்கு வேண்டியதைக் கொடுப்பவர் மிகச் சிலர். அப்படி ஒன்று உண்டு என்று எண்ணுவோரும் சிலரே.

என்னிடம் தமிழ் கற்றுக் கலைப்பீடம் புகுந்த மாணவன் ஒருவன் முதலாண்டு விடுமுறையில் வந்து சொன்னதை இங்கே எழுதலாம். விரிவுரையாளர் ஒரு நூலின் பெயரைச் சொல்லி, அதனை வாசித்து வருமாறு பணித்தாராம். "எத்தனையாம் பக்கத்திலிருந்து எத்தனையாம் பக்கம் வரை, சேர்?" என்று இவன் கேட்டானாம். அவர் சிரித்தார், வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஏனெனில் அங்கிருந்த எல்லோருக்கும் அதே ஐயம் இருந்தது.

இப்பிள்ளைகள் மடையர் அல்லர். பதினாயிரக்கணக்கானோருள் முன்னே வந்தவர்கள். ஆயினும் ஒரு நூலை முதலிலிருந்து முடிவு வரை தனித்திருந்து வாசித்து, அதன் சாரத்தைத் தம் சொல்லில் எழுதும் பழக்கம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. எப்படி வாய்க்கும்? ஒரு மண்டபத்தில் முந்நூறு பேர். ஆசிரியர் ஒலிபெருக்கியில் பேசுகின்றார். வினாவும் விடையுமாக அச்சிட்ட குறிப்புகள் வாயிலிலேயே கிடைக்கின்றன. வி. செல்வநாயகம் அவர்கள் 1951 இல் வெளியிட்ட 'தமிழ் இலக்கிய வரலாறு' என்னும் நூல் பல தலைமுறை மாணாக்கருக்குத் துணையாய் நின்றது. பெரியதொரு நூலும் அன்று. அதன் சுருக்கத்தின் சுருக்கத்தை மனனஞ் செய்த பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். நூலைக் கையால் தொட்டவர் வகுப்பில் இருவரோ மூவரோ. ரியூட்டரி ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுட் பலர் நல்ல தமிழறிஞர். வேலையின்றி இருந்த காலத்தில் அத்தொழிலாற் பிழைத்த பட்டதாரிகள். ஆனால் முந்நூறு பேருக்கு ஒரே வேளையில் ஒருவர் கொடுக்கக்கூடியது எவ்வளவு?

இதற்கு அளவு சொன்னவர் பவணந்தி முனிவர். நன்னூலின் பொதுப்பாயிரத்தை இலக்கணம் கற்கப் புகுவோர் பலர் விரைந்து தாண்டி எழுத்தியலுக்குப் போய்விடுவர். அங்கேதான் இக்கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை மாணாக்கன் குறைவறக் கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது புலமையில் காற்கூறுதான். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்கூறு. எஞ்சிய அரைக்கூறு பிறருக்கு விரித்துரைப்பதால் வரும். ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சமண முனிவர் போட்ட பங்கீடு இது. ஆசிரியனாகிய எனக்குக் கால்வாசியே தந்திருக்கிறார் என்பதில் எனக்கு மனக்குறை இல்லை. முப்பது ஆண்டு வகுப்பில் நின்றவனுக்கு அதுவே தாராளம் என்று படுகிறது.

அதே பாயிரத்தில் மாணாக்கரைத் தரம் பிரிக்குமிடத்துக் கிளியை இடைத்தரத்தில் வைத்திருப்பதும் கவனிக்கத்தக்கது. கற்பித்ததை மாத்திரம் சொல்லும் கிளி, நம் காலத்துப் பரீட்சையில் முதல் வரிசைக்கு வந்துவிடக்கூடும். பல்கலைக்கழகத்தில் முதல் ஒப்படையை எழுதும்போதுதான் அது இடைத்தரத்துக்கு இறங்கும்.

மாணாக்கனைக் கொண்டு மாணாக்கனுக்குக் கற்பித்தல் நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் வழக்கமாய் இருந்தது. சட்டாம்பிள்ளை என்ற சொல்லை இன்றைய பிள்ளைகள் அறியார். அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டுப் பாதிரியார் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னையில் ஆதரவற்ற சிறுவருக்கான பள்ளியொன்றை நடத்தியவர். அயலிலே தமிழ்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதைக் கண்டு அதைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மூத்த மாணவரைக் கொண்டு இளையோருக்குக் கற்பித்தார். 1797 இல் அதைப்பற்றி இலண்டனில் ஒரு நூலும் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. செலவு குறைவு என்பதே அங்கே அதற்குக் கிடைத்த வரவேற்பின் பெருங்காரணம். கற்பிக்கும் பிள்ளைக்கு வரும் அரைக்கூற்றை அங்கும் பலர் எண்ணிப் பார்க்கவில்லைப் போலும்.

இம்முறையை உயர்தர வகுப்பிற் புகுத்தலாம் என்றால் முதல் எதிர்ப்பு மாணாக்கரிடமிருந்தே வருகின்றது. காரணம் இசட் புள்ளி. 2001 ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதி இதனாலேயே தீர்மானிக்கப்படுகின்றது. ஒருவர் ஒரு பாடத்திற் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, வந்ததை நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி காண்பர். ஆகவே அயலவன் உயர்ந்தால் நான் தாழ்வேன் என்று பிள்ளைகள் கணக்குப் போடுகின்றனர். மாவட்டப் பங்கீடும் இருப்பதால் அயலவன் உண்மையிலேயே போட்டியாளன்தான். தன் குறிப்புக் கொப்பியை மேசைக்குள் மறைத்து வைக்கும் பெண்பிள்ளைகளையும், வாங்கிய நூலுக்கு உறையிட்டுப் பெயரை ஒளிக்கும் ஆண்பிள்ளைகளையும் நான் கண்டிருக்கிறேன். தாய்மாரே அப்படிச் செய்யச் சொல்வதும் உண்டு.

அவர்களுக்கு நான் அறம் பேசுவதில்லை, கணக்கையே காட்டுவேன். ஆயிரக்கணக்கானோர் தோற்றும் பாடத்தில் பக்கத்து வாங்கில் இருப்பவளின் பத்துப் புள்ளி சராசரியை அசைப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. மாவட்ட வரிசையில் அவள் உன்னை முந்தினால் நீ இழப்பது ஓரிடம். அவளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால் நீ இழப்பது உன் பாடத்திற் பாதி. இந்தக் கணக்கு எல்லோருக்கும் பிடிப்பதில்லை. பிடித்தவர்கள் ஒரு வகுப்பில் ஆறேழு பேர் இருந்தாற் போதும்.

எங்கள் வகுப்பில் வியாழக்கிழமை கடைசி இரண்டு பாடவேளையும் இதற்கென்று ஒதுக்கப்பட்டவை. ஒருவர் கரும்பலகையில் நிற்பார். நான் பின்வாங்கில் இருப்பேன். விதி ஒன்றுதான்: அச்சுக் குறிப்பு கையில் இருத்தலாகாது, நூல் இருக்கலாம். முதற்றவணை முழுவதும் பெரும்பாலும் தடுமாற்றமே. இரண்டாந் தவணையில் ஒருநாள் ஒரு மாணவி ஆகுபெயருக்கும் அன்மொழித்தொகைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினாள். இரண்டும் தம் பொருளை விட்டுப் பிறிதொன்றை உணர்த்துவன. ஆகுபெயர் ஒரு சொல்லில் வரும், அன்மொழி தொகைமொழியில் வரும் என்றாள். 'ஊர் சிரித்தது', 'பொற்றொடி வந்தாள்' என்று உதாரணமும் எழுதினாள். அவ்வளவில் எல்லாக் குறிப்புகளும் நின்றுவிடும். பின்னாலிருந்த பையன் ஒருவன் எழுந்து, "வெற்றிலை நட்டான் எண்டால் ஆகுபெயர்தானே? வெற்றிலையிலும் இரண்டு சொல் இருக்குதே" என்றான்.

அவள் வாய் திறக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் நன்னூல் விருத்தியுரையோடு வந்தாள். வெற்றிலை என்பது ஒரு கொடியின் இலைக்குப் பெயராகவே ஒட்டி நின்றுவிட்ட சொல். பொற்றொடி என்பது அவ்விடத்தில் தொக்கு நிற்கும் தொகை என்று பிரித்துக் காட்டினாள். அதோடு விட்டாளா? தொல்காப்பிய உரைகளையும் புரட்டியிருக்கிறாள். உரையாசிரியர்கள் இவ்விடயத்தில் ஒருமித்தவர்கள் அல்லர் என்பதைக் கண்டு சிறிது கலங்கியும் இருந்தாள். "அப்ப பரீட்சையில எதை எழுதுறது, ஐயா?" என்றாள். பாடத்திட்டம் வேண்டும் வேறுபாட்டை முதலில் எழுதி, பிணக்கு உண்டென்பதை ஒரு வரியிற் சுட்டினால் நட்டமில்லை என்றேன். பெரியோர் இருவர் முரண்படுமிடத்தில் நின்று இருவரையும் வாசித்துத் தன் கருத்தைச் சொல்லும் வேலைக்குத்தான் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அதை அவள் பதினெட்டு வயதில், வெற்றிலையைக் கொண்டு, தொடங்கிவிட்டாள்.

பாடத்திட்டம் முடியாமற் போய்விடும் என்று சக ஆசிரியர்கள் அஞ்சுவது நியாயமே. வாரத்தில் இரண்டு பாடவேளை சிறிய இழப்பன்று. இலக்கிய வரலாற்றை நான் சற்று வேகமாக நடத்தி அதை ஈடுசெய்கிறேன். அப்பகுதியை வாசித்து வருவது அவர்கள் பொறுப்பு. ஆங்கில வாசிப்பைப் பற்றியும் எழுத வேண்டும்; தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்கப் போகிறவருக்கும் அது இன்றியமையாதது. அதை ஆங்கில ஆசிரியர் ஒருவர் எழுதினாற் பொருத்தமாயிருக்கும்.

இன்னுமொரு காலம் வீணே கழிகின்றது. உயர்தரப் பரீட்சை முடிந்து, பெறுபேறு வந்து, பல்கலைக்கழகத்தில் முதல் விரிவுரை தொடங்கும் வரை நம் நாட்டுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கின்றனர். சில ஆண்டுகளில் அது ஓராண்டையும் கடந்துவிடுகிறது. கணினி வகுப்புக்கும் ஆங்கில வகுப்புக்கும் சிலர் போகின்றனர். மற்றவர் கைத்தொலைபேசியோடு இருக்கின்றனர். இவர்களைப் பாடசாலைக்கு அழைத்து, சாதாரணதர வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு பாடவேளை இலக்கணம் சொல்லிக்கொடுக்கும்படி கேட்கலாம். அதிபரின் அனுமதியும் ஒரு வெறும் அறையும் போதும், செலவு சோக்கட்டிகள்தாம். கீழ்வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் கேட்க அஞ்சும் கேள்வியை அந்த அண்ணன்மாரிடமும் அக்காமாரிடமும் கூசாது கேட்கின்றனர்.

இம்முறை மூவர் வருவதாகச் சொல்லியிருக்கின்றனர். வேற்றுமையை ஒருவர் ஏற்றுக்கொண்டார். புணர்ச்சியை வெற்றிலைக்காரி எடுத்திருக்கிறாள். யாப்பை எடுக்க இன்னும் ஒருவரும் முன்வரவில்லை.