மலைநாட்டுப் பாதைகளில் சைக்கிளோட்டம்: கேற் பூட்டப்படும் முன்னர் யோசிப்போம்

2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்கில் காத்துக்கிடந்த காலத்தில், வீட்டு மூலையில் தூசு படிந்து கிடந்த சைக்கிள்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. எரிபொருள் கிடைக்கத் தொடங்கியதும் பலர் மோட்டார் சைக்கிளுக்கே திரும்பிவிட்டார்கள். ஆனாலும் இளைஞர்களில் ஒரு பகுதியினர் சைக்கிளைக் கைவிடவில்லை. வார இறுதியில் ஸுபஹுத் தொழுகை முடிந்த கையோடு ஐந்தாறு பேராகச் சேர்ந்து தேயிலைத் தோட்டங்களை நோக்கி ஏறுகிறார்கள். கொழும்பிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வாகனத்தில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருவோரும் இருக்கிறார்கள்.

இது வரவேற்க வேண்டிய பழக்கம். உடலுக்கு நல்லது, செலவும் குறைவு. கைபேசித் திரைக்கு வெளியே ஒரு உலகம் இருப்பதையும் காட்டுகிறது. ஆனால் எந்தப் பாதையில் ஓடலாம், யாரிடம் கேட்க வேண்டும், எப்படி ஓட வேண்டும் என்ற விளக்கம் நம்மிடையே போதாது. இப்படியே போனால் இன்று திறந்திருக்கும் தோட்டத்துக் கேற் நாளை பூட்டப்படும். ஒரு குழு செய்த தவறுக்காகப் பூட்டப்படும் கேற், பிறகு வரும் எல்லோருக்கும் பூட்டித்தான் இருக்கும்.

பாதைகள் நான்கு வகை

முதலாவது, பொது வீதிகள். வீதி அபிவிருத்தி அதிகார சபை, மாகாண சபை, பிரதேச சபை ஆகியவற்றுக்குரிய வீதிகளில் சைக்கிளோட யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஹுன்னஸ்கிரியவிலிருந்து கோர்பட்ஸ் கெப் ஊடாக மீமுரே செல்லும் வீதியும், மாத்தளையிலிருந்து ரத்தோட்டை, ரிவஸ்டன் வழியாகச் செல்லும் வீதியும் இத்தகையவை. கரடுமுரடான ஏற்ற இறக்கத்தை விரும்புவோருக்கு இவையே போதுமான பயிற்சி தரும்.

இரண்டாவது, தோட்டப் பாதைகள். மலைநாட்டில் சைக்கிளோட்டிகள் அதிகம் விரும்புவது இவற்றைத்தான். கொழுந்து ஏற்றும் லொறிக்காகவும் தொழிலாளர் நடப்பதற்காகவும் வெட்டப்பட்ட இப்பாதைகள் மலையைச் சுற்றிச் சுற்றி மெதுவாக ஏறுகின்றன. “அரச காணிதானே, யார் கேட்பது?” என்று சிலர் வாதிடுவதுண்டு. அது பாதி உண்மையே. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, பின்னர் நீண்டகாலக் குத்தகையாக மாறியது. நிலம் அரசுக்குரியதாக இருந்தாலும், தோட்டத்தின் உட்பாதையில் யார் போகலாம் என்பதைத் தீர்மானிப்பது அதை நடத்தும் நிர்வாகம். வழமையாக விடுகிறார்கள் என்பதால் அது நமது உரிமையாகிவிடாது.

மூன்றாவது, பாதுகாக்கப்பட்ட காடுகள். நக்கிள்ஸ் மலைத்தொடர் 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலை வனப்பகுதி, ஹோட்டன் சமவெளி ஆகியவற்றுடன் சேர்ந்து மத்திய மலைநாடு என்ற பெயரில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பிடித்தது. இங்கே பொது வீதியை விட்டுக் காட்டுப் பாதையில் இறங்குவதென்றால் வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

நான்காவது, தேசிய பூங்காக்கள். 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட ஹோட்டன் சமவெளியில் உலக முடிவுக்குச் சென்று திரும்பும் சுமார் 9 கிலோமீற்றர் வட்டப்பாதை நடப்பவர்களுக்கானது. அங்கே சைக்கிளைக் கொண்டுபோக நினைப்பதே தவறு.

பீக்கோ ட்ரெயில் தரும் பாடம்

அண்மைக் காலத்தில் அதிகம் பேசப்படுவது பீக்கோ ட்ரெயில். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் இப்பாதை 300 கிலோமீற்றருக்கும் அதிக நீளமானது. 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யூஎஸ்எய்ட் நிறுவனமும் இதற்கு நிதியுதவி வழங்கின. புதிதாகக் காடு வெட்டி இதை அமைக்கவில்லை. பிரித்தானியர் காலத்துத் தோட்டப் பாதைகளையே இணைத்து அடையாளப்படுத்தியிருக்கிறார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக ரீதியாகத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் இவ்வழியில்தான் வருகிறது. தெல்தோட்டை வாசகர்களுக்கு அது பக்கத்து ஊர்.

இந்தப் பாதை முதலில் நடையாளர்களுக்கானது. சைக்கிளில் செல்லக்கூடிய கட்டங்களும் உண்டு, வண்டியைத் தோளில் சுமக்க வேண்டிய இடங்களும் உண்டு. ஆகவே புறப்படும் முன்னர் அந்தந்தக் கட்டத்தின் விபரத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம். நாம் கற்க வேண்டிய பாடம் வேறு. பல தோட்டங்கள், கிராமங்கள், திணைக்களங்கள் ஊடாக ஒரே பாதை செல்கிறதென்றால், யாரோ ஒருவர் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பேசியிருக்கிறார் என்று அர்த்தம். நமது ஊருக்குப் பின்னாலுள்ள 10 கிலோமீற்றர் பாதைக்கும் அதே வேலையை நாம் செய்யலாம்.

அது ஒருவரின் முற்றம்

வெளியூரிலிருந்து வருபவருக்குத் தோட்டப் பாதை ஓர் அழகான காட்சி. அங்கு வாழ்பவருக்கு அது வேலைத்தலம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழி, வீட்டு முற்றம். லயன் வாசலை ஒட்டியே பல பாதைகள் செல்கின்றன. குளிக்கும் பீலியும் பாதையோரத்தில்தான் இருக்கும்.

இங்கேதான் நமது பழக்கம் சோதிக்கப்படுகிறது. தலைக்கவசத்தில் கமெரா பூட்டிக்கொண்டு லயன்களுக்கு நடுவே ஓடி, அதை அப்படியே முகநூலில் போடுபவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் வாசலில் நிற்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் இப்படிப் படம் பிடித்தால் சும்மா இருப்போமா? ட்ரோன் பறக்கவிடுவதும் அப்படித்தான். குடியிருப்பு வந்ததும் வேகத்தைக் குறைத்து, கமெராவை நிறுத்தி, ஒரு வணக்கம் சொல்லிக் கடந்துபோவதற்கு ஒரு நிமிடம் கூடச் செலவாகாது. மறுமுறை வரும்போது “தம்பி, கீழ்ப்பக்கம் பாதை உடைஞ்சி கிடக்கு, மேல்வழியா போங்க” என்று சொல்ல அங்கே ஒருவர் இருப்பார்.

கொழுந்துச் சாக்கைத் தலையில் சுமந்து வருபவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். வளைவுகளில் முன்கூட்டியே மணி அடிக்க வேண்டும். நடப்பவருக்கே முன்னுரிமை, இறங்குபவர் ஏறுபவருக்கு இடம் விட வேண்டும். இது உலகெங்கும் மலைச் சைக்கிளோட்டிகள் ஏற்றுக்கொண்ட ஒழுங்கு.

மண்ணுக்குச் செய்யும் கேடு

பாதை கெடுவதற்கு முக்கிய காரணங்கள் இரண்டு. ஒன்று, பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்துச் சில்லைச் சறுக்கவிடுவது. பார்ப்பதற்கு வீரமாக இருக்கும். ஆனால் அந்தச் சறுக்கல் கீறிய தடத்தில்தான் அடுத்த மழை நீர் ஓடும். இரண்டு, வளைவைச் சுற்றாமல் குறுக்கே இறங்குவது. தேயிலை மலைகளில் சரிவுக்குக் குறுக்காகக் கான்கள் வெட்டப்பட்டிருப்பது மழைநீரின் வேகத்தைக் குறைத்து மண்ணைக் காப்பதற்காக. கானின் கரையைச் சில்லு உடைத்தால், நீர் நேராகக் கீழே பாய்ந்து பள்ளம் பறிக்கும். அந்தப் பள்ளத்துக்குக் கீழே பெரும்பாலும் ஒரு லயன் இருக்கும்.

ஆகவே மழை பெய்து மண் ஊறியிருக்கும் நாளில் தோட்டப் பாதையை விட்டுவிட்டுத் தார் வீதியில் ஓடுவதே நியாயம். சில்லு ஆழமாகத் தடம் பதிக்கிறதென்றால் திரும்பிவிட வேண்டும்.

காலமும் பாதுகாப்பும்

மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், நாவலப்பிட்டி, கினிகத்தேனை பக்கம் கொட்டும். அதே காலத்தில் வெலிமடை, பதுளை, ஹப்புத்தளை பக்கம் ஒப்பீட்டளவில் உலர்ந்திருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவமழை கிழக்குச் சரிவுகளை நனைக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவுகளில் ஓட ஏற்ற காலம். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடியுடன் மழை வழமை என்பதால், பகலுக்கு முன்னரே இறங்கிவிட வேண்டும்.

மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று மட்டங்களில் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக எச்சரிக்கை விடுக்கிறது. போகவிருக்கும் பிரிவுக்கு எந்த நிறத்தில் எச்சரிக்கை இருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். தோட்டங்களில் குளவித் தாக்குதலும் அடிக்கடி நிகழ்கிறது. கூடு இருப்பதாக உள்ளூரார் சொல்லும் பாதையில் வீறாப்புக் காட்டக் கூடாது.

வண்டியைப் பொறுத்தவரை, தடித்த டயர் போட்டதெல்லாம் மலைச் சைக்கிள் ஆகிவிடாது. விலை குறைந்த சில வண்டிகளில் முன் ஷொக் வெறும் அலங்காரமே. இருக்கும் பணத்தை முதலில் நல்ல பிரேக்கிலும் தலைக்கவசத்திலும் போடுங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால் அது சூடாகிப் பிடிமானம் குறையும். விட்டு விட்டுப் பிடித்து, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். மேலதிக ரியூப், பம்ப், முதலுதவிப் பொருட்கள் இல்லாமலும், தனியாகவும் போகாதீர்கள்.

என்ன செய்யலாம்?

இங்கிலாந்தில் குதிரைப் பாதைகளில் சைக்கிளோடும் உரிமை 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது. நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையும் அதோடு சேர்ந்தே வந்தது. ஸ்கொட்லாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலான நிலங்களில் செல்லும் உரிமையைத் தருகிறது. அதுவும் பொறுப்புடன் நடந்துகொள்பவருக்கே. இரண்டு இடங்களிலும் உரிமையும் பொறுப்பும் ஒன்றாகவே வந்திருக்கின்றன. நம் நாட்டில் தோட்டப் பாதைகளுக்கு அத்தகைய சட்டப் பிடிமானம் இல்லாததால், நமது நடத்தை ஒன்றுதான் நமக்கு அனுமதிச் சீட்டு.

எனவே ஊரிலுள்ள சைக்கிளோட்டிகள் ஒரு சிறு கழகமாகச் சேருங்கள். தோட்ட முகாமையாளருக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். எந்த நாள், எத்தனை பேர், எந்தப் பாதை, பொறுப்பாளர் யார் என்பதை அதில் குறிப்பிடுங்கள். மருந்து தெளிக்கும் நாட்களையும் கொழுந்து லொறி ஓடும் நேரங்களையும் கேட்டுத் தவிர்த்துக்கொள்ளுங்கள். வருடத்தில் இரண்டு நாளாவது மண்வெட்டியோடு போய்க் கானைத் துப்புரவு செய்து, உடைந்த கரையைக் கட்டிக் கொடுங்கள். தண்ணீர்ப் போத்தலையும் பிஸ்கட் உறையையும் திரும்பக் கொண்டு வாருங்கள்.

முன்பின் தெரியாத ஐம்பது பேர் இரைச்சலோடு வந்தால் எந்த நிர்வாகமும் கேற்றைப் பூட்டவே செய்யும். பெயர் தெரிந்த பத்துப் பேர் மண்வெட்டியோடும் வந்து போனால், அந்தக் கேற் நமது பிள்ளைகளின் காலத்திலும் திறந்திருக்கும்.